முகவரியில் இருப்பவர்

எங்கள் ஒழுங்கைக்குத் தபால்காரர் பதினொரு மணிக்கு முன் வருவதில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எங்களுடையதுதான் அவருக்குக் கடைசி. மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, கீழ்த்தளச் சுவரில் உள்ள இருபத்துநான்கு பெட்டிகளிலும் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போவார். அவர் போன பின் நான் இறங்கிப் போய் என் பெட்டியைத் திறப்பேன். பதினொரு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறவில்லை. என் பெயருக்கு ஆண்டில் இரண்டு கடிதம் வந்தால் அதிகம். மற்றதெல்லாம் என் மருமகன் பிரசாந்துக்கு.

நிம்றா, நீங்கள் தந்த படிவத்தில் 'நடந்ததைச் சுருக்கமாக எழுதுக' என்று எட்டு வரி விட்டிருக்கிறீர்கள். எட்டு வரி எனக்குப் போதாது. அதனால் தனித் தாள்களில் எழுதி இணைக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் பதிவறையில் இருந்தவன் நான். இணைப்பு எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் வங்கிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். பிரசாந்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் உறையில், அவன் இறந்துவிட்டதாக எழுதித் திருப்பி அனுப்பியது யார்? அந்த உறையை நம்பி நீங்கள் அவனுடைய தாய்க்குத் தொலைபேசி எடுத்தீர்கள். அன்று மத்தியானமே அவர் இறந்துபோனார். அவர் பெயர் அன்னபாக்கியம். என் அக்கா. பிரசாந்த் உயிரோடு இருக்கிறான். நேற்றும் இந்த வீட்டில் இருந்து உங்கள் மேல் வழக்குப் போடுவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். எழுதியவர் இன்னார் என்று தெரியாவிட்டால், தீர விசாரிக்காமல் தொலைபேசி எடுத்த குற்றம் உங்கள் தலையில் விழும். வேலை போகும் என்று நீங்களே சொன்னீர்கள். என் வீட்டுக்கு வந்துவிட்டுப் படியில் இறங்கும்போது நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. இந்தப் படிகளில் நடக்கும் எல்லாமே என் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். அதையும் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பிரசாந்தைப் பற்றி. அவன் பொறியியலாளன். எண்ணெய்க் குழாய்களில் எதையோ அளக்கிறான். குடியுரிமை கனடாவில், வேலை கட்டாரில், ஆண்டில் நான்கு மாதம் நோர்வேயில். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "இப்போதைக்கு மாமா..." என்றுதான் தொடங்குவான். மூன்று நாடுகளிலும் அவனுக்கு ஒவ்வொரு குளிர்ச்சட்டை தொங்குகிறது. ஒரு நாட்டிலும் கதவில் பெயர் இல்லை. அறையை ஆறு மாதத்துக்கு எடுப்பான், விடுவான், இன்னொன்று எடுப்பான். ஆனால் வங்கி என்று ஒன்று இருந்தால் அது முகவரி கேட்கும். நீ எங்கே உறங்குகிறாய் என்பதல்ல அதன் கேள்வி. கடிதத்தை எங்கே போடுவது என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே பதில் இருந்தது. வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி, இரண்டாம் இலக்கம், மே/பா நமசிவாயம்.

நமசிவாயம் நான்.

இவனைப் போன்றவர்கள் இந்த ஒழுங்கையில் நிறைய. பின்னேரம் வெளியே நின்று மேலே பார்த்தால் பாதி யன்னல்களில் வெளிச்சம் இராது. வீட்டை வாங்கி, பூட்டி, திறப்பை யாரோ ஒரு சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். பெட்டிகள் மட்டும் நிறைந்திருக்கும். எங்கள் தொடர்மாடியில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் கடிதங்கள்தான். நல்ல குடித்தனக்காரர்கள். தண்ணீர் செலவில்லை, பிள்ளைகளின் சத்தமில்லை. ஆவணி மாதம் அவற்றின் சொந்தக்காரர்கள் இரண்டு கிழமைக்கு வந்து இறங்குவார்கள். போத்தல் தண்ணீரில் பல் விளக்குவார்கள். ரயில் போகும்போது காதைப் பொத்துவார்கள், அந்த ரயிலில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்களே. லிப்ட் பழுதென்றால் முகத்தைச் சுளித்து, "அங்க எண்டா..." என்று தொடங்குவார்கள். அங்கே எங்கே என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவர்களுக்கே தடுமாறும்.

போகும்போது எனக்கு உருகிப்போன சாக்லேட்டும் ஒரு போத்தல் கோப்பித் தூளும் வைத்துவிட்டுப் போவான் பிரசாந்த். சீனி வருத்தம் உள்ளவனுக்குச் சாக்லேட். பதினொரு ஆண்டுகளில் அவன் அதைக் கேட்டு அறியவில்லை. நானும் சொல்லவில்லை.

வீடு அவன் பெயரில் இருக்கிறது என்பதை நீங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள். அது உறுதிப் பத்திரத்தில் உள்ள விஷயம். வீட்டில் இருப்பது நான். யன்னல்களின் துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூசியது நான். கடற்காற்று எந்த மாதத்தில் எந்தச் சுவரை ஈரமாக்கும் என்று அறிந்தவன் நான். மின்சாரப் பட்டியல் அவன் பெயருக்கு வரும், ஏனென்றால் முகவரிக்கு அத்தாட்சியாக உங்களுக்கு அதைத்தான் காட்ட வேண்டும். வரிசையில் நின்று அதைக் கட்டுவதும் நான்தான். என் மேசை இழுப்பறையில் அவனுடைய சின்னத் தொலைபேசி ஒன்றும் இருக்கிறது. இலங்கை இலக்கம் போடப்பட்டது. அவன் எங்கோ ஒரு விமான நிலையத்தில் இருந்து உங்கள் வங்கிக்குள் நுழைய முயல்வான். நுழைவதற்கு வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் இங்கே இழுப்பறைக்குள் வந்து விழும். "மாமா, டக்கெண்டு சொல்லுங்கோ, முப்பது செக்கன்தான் நிக்கும்" என்பான். வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறு இலக்கத்தையும் சொல்வேன். அவன் நன்றி சொல்வதற்குள் முப்பது செக்கன் முடிந்துவிடும்.

நான் வாசிப்பவன். பேசுவது குறைவு. சில நாட்களில் வாயைத் திறக்கும் தேவையே வராது. அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. அக்காவுக்கு அது பிடிக்காது. கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் என்ற அம்மாவின் வீட்டில் கீழ் அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து இருந்தார். கோயிலுக்கு நடந்து போகலாம் என்பது காரணம். போகிற வழியில் ஏழு பேரிடமாவது மகனின் மூன்று நாடுகளையும் சொல்லலாம் என்பது நான் கண்ட காரணம். மாதம் ஒரு முறை இருதய மாத்திரைகளை வெள்ளவத்தையில் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். படி ஏறக்கூடாது என்று வைத்தியர் சொன்னபோதும் பக்கத்தில் நான்தான் நின்றேன். அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு கேட்பதெல்லாம் ஒன்றுதான்.

"பிள்ளைக்குக் கடிதம் ஏதும் வந்ததோ?"

"வந்தது."

"கவனமா எடுத்து வைச்சியோ?"

"ஓம்."

"வைக்கத்தானே வேணும். உனக்கென்னடா வேற வேலை. புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மாதானே கிடக்கிறாய்." பிறகு யோசெப்பினைப் பார்த்துச் சிரிப்பார். "இவனைப் பாருங்கோ. கல்லுப்பிள்ளையாரும் இவனும் ஒண்டு. பிள்ளையாருக்காவது வருசத்தில ஒருக்கால் திருவிழா இருக்கு."

யோசெப்பினும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவன் அல்ல.

இந்த ஆண்டு உங்கள் வங்கியில் ஒரு புது நடைமுறை வந்தது. வெளிநாட்டில் வாழும் வாடிக்கையாளர்கள், இங்கே தங்கள் கடிதங்களைப் பெற்றுக்கொள்பவர் யார், அவருக்கும் அந்த முகவரிக்கும் என்ன தொடர்பு என்று எழுதித் தர வேண்டும். பிரசாந்த் படிவத்தை நிரப்பி எனக்கு அனுப்பினான். அச்செடுத்து, நான் கையெழுத்திட்டு, வங்கியில் கொடுக்க வேண்டும். தொடர்பு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'கெயார்டேக்கர்' என்று எழுதியிருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே தொலைபேசி எடுத்தான்.

"மாமா, அந்தச் சொல்லைப் பாத்து ஒண்டும் யோசியாதேங்கோ. மாமா எண்டு போட்டா உறவுமுறைக்கு அத்தாட்சி கேப்பாங்கள். பேர்த் சேர்டிபிகேற், அது இது எண்டு கரைச்சல். இது சும்மா ஃபோமுக்குத்தான்."

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா? லைனில நிக்கிறியளோ?"

"ஓம்."

"அப்ப சரி. நாளைக்கே குடுத்துவிடுங்கோ."

மறுநாளே கொடுத்தேன். உங்கள் மேசையில்தான் கொடுத்தேன், உங்களுக்கு நினைவிருக்காது. "தேங்க்ஸ் அங்கிள்" என்றீர்கள். பிறகு பக்கத்து மேசைக்காரியிடம் திரும்பி, "கெயார்டேக்கர் ஒரு ஆள் வந்தீக்கிறார், அவர்ட ஐடென்டிட்டி கார்டை கொப்பி எடுங்க" என்றீர்கள். நீங்கள் படிவத்தில் இருந்ததைத்தான் வாசித்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. யன்னல் வைத்த வெள்ளை உறை. நான் அவனுடைய கடிதங்களைத் திறப்பவன் அல்ல. பதினொரு ஆண்டுகளில் ஒரு உறையைக்கூட நான் திறக்கவில்லை, இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். யன்னலில் தெரிவதை மட்டும் வாசிப்பேன். யன்னலில் அவனுடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே மே/பா என்பதற்குப் பின்னால் பதினொரு ஆண்டுகளாக என் பெயர் இருந்த இடத்தில், கெயார்டேக்கர் என்று இருந்தது. நமசிவாயம் இல்லை. கணினி ஒரு வரியை எடுத்துவிட்டு இன்னொரு வரியைப் போட்டிருந்தது.

அது சனிக்கிழமை. உறையை மேசையில் வைத்தேன். ஞாயிறும் அங்கேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரசாந்த் ஒரு செய்தி அனுப்பினான். எங்கள் நேரத்துக்கு வியாழக்கிழமை விடிய டொரொன்டோவில் இருந்து ஏறுகிறான், பன்னிரண்டரை மணித்தியாலம் பறந்து பின்னேரம் தோஹாவில் இறங்குவான். வங்கியில் இருந்து புது கார்ட் ஒன்று வரும், கவனமாக எடுத்து வைக்க வேண்டும். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. 'மார்கழியில அம்மாவை அங்க கொண்டுவந்து வைப்பம் எண்டு யோசிக்கிறன். லிப்ட் இருக்குத்தானே. உங்கட புத்தகம் இருக்கிற அறை அம்மாவுக்குச் சரியா இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில எங்கையாவது ஒரு ரூம் பாப்பம் மாமா.'

அதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. தாயைப் பார்ப்பது மகனின் கடமை. உண்மைகளை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சேர்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை தேநீர் குடித்துவிட்டு உறையை எடுத்தேன். அவனுடைய பெயருக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதினேன். சிங்களம் உத்தியோகப் பரீட்சைக்காகப் படித்தது, இன்றும் பிழையில்லாமல் எழுதுவேன். தமிழில் என்ன சொல் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 'இறந்துவிட்டார்' என்பது கரடுமுரடாகத் தெரிந்தது. 'காலமானார்' என்று எழுதினேன். அனுப்பியவருக்குத் திருப்புக என்றும் எழுதினேன். காலி வீதிக்கு ஏறிப் போய்ச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, வரும் வழியில் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள். அதுவும் சும்மா ஒரு படிவத்துக்காகத்தான். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடுவதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குச் சொல்லித் தந்தவன் அவன்தான். அவனுடைய கணக்கு ஒரு கிழமை முடங்கிக் கிடக்கும். எங்கோ ஒரு கடையில் அவனுடைய கார்டை இயந்திரம் துப்பும். உயிரோடு இருக்கிறேன் என்று தன் கையால் நாலு படிவம் நிரப்புவான். தொடர்பு என்ற கட்டத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதுவான் என்று பார்க்க விரும்பினேன். இவ்வளவுதான்.

திருப்பிய கடிதம் ஒன்று உங்கள் கிளைக்குப் போய்ச் சேர மூன்று நாள் எடுக்கும். கீழே நாலாம் மாடிக்காரரின் கடிதங்களை அவருடைய மரணத்துக்குப் பின் நான்தான் திருப்பி அனுப்பினேன், அதனால் தெரியும். திங்களோடு மூன்று நாளைக் கூட்டினால் வியாழன் வரும். வியாழன் அவன் ஆகாயத்தில் இருப்பான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வைத்துப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி தாண்டியிருக்கும். இழுப்பறைக்குள் சின்னத் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். உங்கள் வங்கியின் இலக்கம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அந்தத் தொலைபேசிக்கு வரும் இலக்கங்களை வாசித்துச் சொல்வதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. அதில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல் என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. கெயார்டேக்கருக்கு அந்த அதிகாரம் உண்டோ என்றும் தெரியாது. இழுப்பறையை மூடினேன்.

அதன் பிறகு நீங்கள் கோப்பில் இருந்த அடுத்த இலக்கத்தை எடுத்திருக்கிறீர்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: தாய். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை யோசெப்பின் செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னார். "அன்ரி, கேக்கிறதுக்கு மிச்சம் கவலையாயீக்கிது. பிரசாந்த் சேர்ட டெத் சேர்டிபிகேற் ஒண்டு எங்களுக்கு தேவைப்படுது." மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் நிம்றா, அந்தச் செய்தியை அக்காவின் காதில் போட்டது நான் அல்ல.

அக்கா மகனுக்கு எடுத்திருக்கிறார். விமானத்தில் இணையம் இருக்கிறது, ஆனால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும், அவன் கொடுக்கமாட்டான். தொலைபேசி அணைந்திருந்தது. அவன் அன்று பயணம் என்பது அக்காவுக்குத் தெரியாது. அம்மா பயப்படுவா என்று பயணங்களைச் சொல்வதில்லை, இறங்கிய பின்தான் சொல்வான். எனக்குத்தான் சொல்வான், கார்டுக்காக. அக்கா எனக்கு எடுத்தபோது பத்தே முக்கால்.

"தம்பி, பாங்கில இருந்து ஒரு பிள்ளை எடுத்தது. பிரசாந்தின்ர... என்னவோ சேர்டிபிகேற் கேக்குது. அவன்ர போன் ஓஃப். என்னடா நடந்தது?"

நான் பேசவில்லை.

"எடேய் சிவம். கடிதம் உன்னட்டைத்தானே வாறது. ஏதும் வந்ததோ? உனக்குத் தெரியுமோ?"

கீழே ரயில் போனது. நான் பேசியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. ரயில் போய் முடிந்தது.

"வாயைத் திறவன்ரா. இருக்கிறானோ இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

இதை நான் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் அவருக்குப் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அறுபது ஆண்டுகளாக அக்கா என் மௌனத்தைப் பார்த்துச் சிரித்தவர். அதற்குள் ஒன்றும் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவர். அன்று ஒரு நாள்தான் அதற்குள் ஒரு அர்த்தம் இருப்பதாக எடுத்துக்கொண்டார். அது அவருடைய முடிவு.

பிறகு மிகவும் சின்னக் குரலில், "நான் வாறன். நேரில சொல்லு" என்றார். வைத்துவிட்டார்.

அன்று காலை முதல் லிப்ட் வேலை செய்யவில்லை. கீழே அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அவர் லிப்டைப் பற்றிக் கேட்கவில்லை.

யோசெப்பினின் மகன் கிறிஸ்ரி ஓட்டோ வைத்திருக்கிறான். அவன்தான் ஏற்றிக்கொண்டு வந்தான். வழி முழுக்க அக்கா பேசவில்லையாம். அக்கா பேசாமல் இருந்ததை வாழ்நாளில் ஒரு முறைதான் யாரோ பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஓட்டோக்காரன் ஒருவன். கீழே வந்து அறிவித்தலைப் பார்த்ததும் கிறிஸ்ரி சொல்லியிருக்கிறான்:

"அன்ரி, நீங்க ஓட்டோவிலயே இருங்க. நான் ஓடிப் போய் அங்கிளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"வேண்டாம் மகன். அவன் படிச்சுக்கொண்டிருப்பான். குழப்பினால் அவனுக்குப் பிடிக்காது."

இதை அவன் என்னிடம் அழுதுகொண்டு சொன்னான். அக்கா என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளில் இதுதான் நியாயமானது. நானும் உண்மையில் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவின் நடை எனக்குத் தெரியும். வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து வைப்பார். கதவுக்கு உள்ளே நாற்காலியில் இருந்தால் முதல் மாடியில் இருந்தே கேட்கும். இரண்டாம் மாடியில் ஒரு தரம் நின்றார். மூன்றாம் மாடியில் அதிக நேரம் நின்றார். கைப்பிடிக் கம்பியில் வளையல் தட்டும் சத்தம் வந்தது. பிறகு மறுபடி ஏறினார். நாலாம் மாடி தாண்டி, என் தளத்துக்குத் திரும்பும் வளைவில், பத்துப் படி கீழே, "தம்பி" என்று ஒரு தரம் கூப்பிட்டார்.

எழுந்து போய்க் கதவடியில் நின்றேன். கையைத் தாழ்ப்பாளில் வைத்திருந்தேன். சொல்வதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் வந்து மணியை அழுத்தி, என் வீட்டு வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கணமே சொல்லியிருப்பேன். அவன் இருக்கிறான், பறந்துகொண்டிருக்கிறான், பின்னேரம் இறங்குவான் என்று. ஒரு வீட்டுக்கு வருபவர் மணியை அழுத்த வேண்டும். படியில் நின்று கூப்பிடுவது வேலைக்காரரை. இன்னும் பத்துப் படிதான் இருந்தது.

மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். நாற்காலிக்குத் திரும்பி, விட்ட பக்கத்தை வாசித்து முடித்தேன். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை. பிறகு கிறிஸ்ரி கீழே இருந்து ஓடிவந்து கத்தும் சத்தம் கேட்டது. அப்போது கதவைத் திறந்தேன். அதன் பின் செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தேன். அம்புலன்ஸுக்கு நான்தான் எடுத்தேன். அக்காவின் கையில் தொலைபேசி இருந்தது, மகனின் இலக்கத்தை மறுபடி அழுத்தியபடியே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவருடைய பெயர், வயது, முகவரி எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் பிரசாந்தின் செய்தி வந்தது. 'மாமா, இறங்கிட்டன். கார்ட் வந்துதா?'

'இன்னும் வரவில்லை' என்று உடனே எழுதினேன். அவனுக்கு நான் பதில் எழுதப் பிந்தியது கிடையாது. தாயைப் பற்றி அவன் கேட்கவில்லை. கிறிஸ்ரிதான் பிறகு எடுத்துச் சொன்னான்.

மறுநாள் வந்தான். என் தோளில் சாய்ந்து அழுதான். கனத்தை மயானத்தில் கொள்ளி வைத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தான். அதற்கிடையில் சட்டத்தரணி ஒருவரையும் பிடித்துவிட்டான். "அந்த பாங்க் பெட்டையை வீட்டுக்கு அனுப்பாமல் நான் பிளேன் ஏறமாட்டன் மாமா" என்றான். அம்மாவைக் கொன்றது நீங்கள்தான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். மூன்று நாடுகளில் குழாய் அளப்பவனுக்குத் தன் வீட்டுக்குள் அளக்கத் தெரியவில்லை.

நீங்கள் உறையின் பிரதியைக் கொண்டுவந்த நாளை நினைத்துப் பாருங்கள். மேசையில் வைத்து, "அங்கிள், இது ஒங்கட கையெழுத்தா? பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிரசாந்த் அதைக் கையில் எடுத்தான். பதினொரு ஆண்டுகளாக அவனுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் பெரிய உறைகளில் போட்டு, அவனுடைய மூன்று நாட்டு முகவரிகளையும் என் கையால் எழுதி அனுப்பியவன் நான். அந்த எழுத்துகளைப் பார்க்காமல் அவன் ஒரு கடிதத்தையும் பிரித்திருக்க முடியாது. பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் நீட்டினான்.

"இது ஆரோ போஸ்ற் ஒஃபிசில செய்த வேலை. மாமாவைப் போட்டுக் கரைச்சல் படுத்தாதேங்கோ. அவருக்கு இதுகள் ஒண்டும் விளங்காது."

அதனால்தான் எழுதுகிறேன், நிம்றா. உங்கள் கண்ணீருக்காக என்று நினைத்துவிட வேண்டாம். தபால்காரர் ஒருவர் மூன்று மொழியிலும் இவ்வளவு சீராக எழுதுவாரா என்று அவன் ஒரு கணம் யோசித்திருந்தால் எனக்குப் போதும். யோசிக்கவில்லை. எனவே பதிவுக்காகச் சொல்கிறேன். உறையில் எழுதியது நான். அடித்த தொலைபேசியை எடுக்காமல் இழுப்பறையை மூடியது நான். மகன் இருக்கிறானா என்று கேட்ட தாய்க்கு, இருக்கிறான் என்று தெரிந்தும் சொல்லாதிருந்தது நான். பத்துப் படி கீழே அவர் கிடந்தபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதும் நான்தான். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். எதிலும் நான் ஒருவரையும் தொடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைச் சட்டத்தரணிகள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தத் தாள்களை நாளைக் காலை நானே கொண்டுவந்து உங்கள் மேசையில் தருகிறேன். தபாலில் போடுவதாக இல்லை. பிரசாந்த் அடுத்த அறையில் உறங்குகிறான். புத்தகங்களை அவன் ஏற்கனவே பெட்டிகளில் அடுக்கத் தொடங்கிவிட்டான், வீட்டை விற்கப் போகிறானாம். அதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டத்தை மட்டும் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 'இந்த முகவரிக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு' என்று கேட்டிருக்கிறது. 'வீட்டுக்காரர்' என்று எழுதியிருக்கிறேன். போன முறை கணினியில் பிழையாக ஏற்றிவிட்டீர்கள். இந்த முறை சரியாக ஏற்றுங்கள்.